மீள்வதும் மீட்பதும்

2005 பிப்ரவரியில் ஒரு மாலை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு முடிந்து இயற்பியல் ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையில் அறுபது பக்க ஆங்கிலக் கையேடு. சுனாமியில் வீட்டையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து முகாம்களில் இருப்பவர்களோடு பேசப் போகும் தன்னார்வலர்களுக்காக எழுதியது. பதினைந்து நாளில் தமிழில் வேண்டும் என்றார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போயிருந்தார்கள். என் வகுப்புகளிலேயே காலி இடங்கள் இருந்தன. பணம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே திருவாரூர் பஸ்ஸில் படிக்க ஆரம்பித்தேன்.

பக்கத்துக்குப் பக்கம் ஒரு சொல் வந்தது. ரெசிலியன்ஸ். பெரிய அடி விழுந்த பிறகும் பழைய நிலைக்கு எழுந்து வரும் தன்மை என்று கையேடு பொருள் சொன்னது. எனக்கு முதலில் தோன்றியது மீட்சி. மீட்சிப் பண்பு, மீட்சி எல்லை, மீள்விசை எல்லாம் வருடக்கணக்காக நான் கரும்பலகையில் எழுதிவந்த சொற்கள். ஆனால் மனிதர்களுக்கு மீட்சி என்று எழுதினால் மாதா கோயில் பிரசங்கம் போல ஒலிக்குமே என்று தயங்கினேன். தாங்குதிறன் என்று எழுதிப் பார்த்தேன். அது பாலத்துக்குச் சொல்வது. நெகிழ்திறன் வாயில் ஒட்டவில்லை. கடைசியில் மீள்திறன் என்று முடிவு செய்து 41 இடங்களில் எழுதிக் கொடுத்தேன். நல்ல சொல் கிடைத்துவிட்டது என்று அப்போது மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஏப்ரலில் அக்கரைப்பேட்டைப் பக்கம் ஒரு முகாமுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தார் அட்டையால் அடைத்த கொட்டகைகள். வெயில் ஏற ஏறத் தார் வாடை நெஞ்சை அடைத்தது. இருபது பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தன்னார்வலர் பெண் கையேட்டிலிருந்து வாசித்தாள்: எல்லோருக்குள்ளும் மீள்திறன் இருக்கிறது, சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு, பயிற்சியால் வளர்த்துக்கொள்ளலாம். எட்டு வயதுப் பெண்ணையும் ஐந்து வயதுப் பையனையும் ஒரே காலையில் இழந்த ஒரு தாய் மூலையில் இருந்தாள். முப்பது வயது இருக்கும். மூன்று மாதமாக அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை என்று மற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். வாசித்து முடித்ததும் அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தத் தெறன் எனக்கு இல்ல போலருக்கு டீச்சர். பக்கத்து வூட்டுக்காரவங்கல்லாம் எந்திரிச்சுட்டாங்க. நான்தான் இப்படியே கெடக்கேன்."

அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது. திறன் என்றால் ஒருவருக்குள்ளே இருப்பது. அளக்கலாம், ஒப்பிடலாம், இருந்தால் தேர்ச்சி, இல்லாவிட்டால் தோல்வி. மதிப்பெண் போட்டே பழகிய ஒரு வாத்தியாரம்மா எழுதிய சொல் அது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு அதோடு சேர்த்து ஒரு ஃபெயில் மார்க்கும் போட்டிருக்கிறேன் என்று அன்றைக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு பல வருடம் அந்தச் சொல் போன வழியைத் தேடிக்கொண்டிருந்தேன். லத்தீனில் சலீரே என்றால் குதிப்பது. ரெ என்று முன்னால் சேர்த்தால் பின்னோக்கிக் குதிப்பது. ரோமக் கவிஞர் ஓவிட் அந்த வினைச்சொல்லைத் தம் உருமாற்றக் கதைகளில் தவளைகளுக்கு வைத்திருக்கிறார். தாகத்தோடு வந்த லாத்தோனா என்ற தெய்வத்தைத் தண்ணீர் குடிக்க விடாமல் லிசியா நாட்டுக் குடியானவர்கள் குளத்தைக் கலக்கிச் சேறாக்குகிறார்கள். அவள் சாபத்தில் தவளைகளாகிறார்கள். கரையேறி உட்காருவதும் குளிர்ந்த தண்ணீருக்குள் திரும்பக் குதிப்பதும்தான் இனி அவர்கள் வாழ்க்கை. இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அந்தக் குதிப்பில் விமோசனம் எங்கே இருக்கிறது? பழைய இடத்துக்குத் திரும்புவதே சாபமாகவும் இருக்கலாம்.

ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு வாக்கிலிருந்து பின்வாங்குதல் என்ற பொருளும் சேர்ந்தது. நம் ஊர் நீதிமன்றத் தீர்ப்புகளில் இன்றும் அப்படித்தான் வருகிறது. போலீஸிடம் ஒன்று சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறி மாற்றிச் சொல்கிறவரைத் தமிழில் பிறழ்சாட்சி என்கிறோம். ஆங்கிலத் தீர்ப்பில் அதற்கு எழுதும் வினைச்சொல் ரெசைல், இதே வேரில் முளைத்தது. பிரான்சிஸ் பேக்கன் பதினேழாம் நூற்றாண்டில் எதிரொலியைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை எடுத்தார். 1807-ல் அச்சான தம் சொற்பொழிவுகளில் தாமஸ் யங் அதைப் பொருள்களின் வலிமைக்குக் கொண்டுவந்தார். யங் குணகம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே யங். 1818-ல் தாமஸ் டிரெட்கோல்டு மரக்கட்டைகளின் வலிமையை விளக்க அதைப் பயன்படுத்தினார். 1973-ல் ஹாலிங் என்ற சூழலியலாளர் காடுகளுக்கும் ஏரிகளுக்கும் வைத்தார். மனிதர்களிடம் அது வந்து சேர்ந்தபோது மேலே மரத்தூளும் இரும்புத்தூளும் ஒட்டியிருந்தன. அதைத் தட்டாமல் அப்படியே தமிழில் இறக்கியவள் நான்.

இரும்பும் செம்பும் சொல்வதையாவது நான் சரியாகக் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு வருடமும் பதினோராம் வகுப்புக்கு ஒன்று செய்து காட்டுவேன். ஆய்வக ஜன்னல் கம்பியில் மெல்லிய செம்புக் கம்பியின் ஒரு நுனியைக் கட்டி, மேஜை விளிம்பில் கப்பி வைத்து, மறு நுனியில் எடைகளைத் தொங்கவிடுவேன். கம்பியில் சிறு காகிதக்கொடி ஒட்டியிருக்கும், பக்கத்தில் அளவுகோல். நூறு கிராம் போட்டால் கொடி துளி நகரும். எடுத்தால் பழைய கோட்டுக்கே வரும். பிள்ளைகளுக்கு அது கண்ணுக்குக்கூடத் தெரியாது. எடையை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கொடி தானாக ஊர ஆரம்பிக்கும். அப்போது அத்தனை எடையையும் கழற்றிவிட்டாலும் கொடி பழைய கோட்டுக்கு வராது. மீட்சி எல்லை தாண்டிவிட்டது என்று எழுதிப் போடுவேன். இனி அது நீண்ட கம்பிதான்.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள், அந்தக் கம்பி கெட்டுப்போய்விட்டதா டீச்சர் என்று. நல்ல கேள்வி. கெட்டுப்போகவில்லை. ஒருமுறை எல்லை தாண்டி நீண்ட செம்புக் கம்பி முன்னைவிட இறுகியிருக்கும். மறுபடி நீட்ட முன்னைவிடக் கூடுதல் எடை வேண்டும். ஆனால் இன்னும் நீளக்கூடிய இடம் அதற்குள் குறைந்துவிடும். வலுவும் கூடுகிறது, முறியும் ஆபத்தும் கூடுகிறது. தட்டித் தட்டி இறுகிப்போன செம்பைப் பாத்திரம் செய்கிறவர் நெருப்பில் காய்ச்சி எடுத்து மறுபடி தட்டுவார். இறுகியது இளக வெளியிலிருந்து சூடு வரவேண்டும்.

வெளியிலிருந்து என்பது எனக்கு வீட்டிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். என் காலேஜ் ஃபீஸுக்காக அம்மாவின் வளையல்கள் மூன்று வருடம் அடகுக் கடையில் இருந்தன. தை அறுப்பு முடிந்ததும் அப்பா வட்டியும் முதலுமாக மடியில் முடிந்துகொண்டு போனார். ரசீதைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு, சின்ன மஞ்சள் துணிப்பையில் வாங்கிவந்து அம்மா கையில் கொடுத்தார். "மீட்டாச்சு" என்றார். அந்த ஒரு சொல்தான். வளையலுக்கு எந்தத் திறனும் கிடையாது. அதை நினைத்துக்கொண்டே இருந்து, உழைத்துச் சேர்த்து, நடந்து போய்க் கேட்க ஒரு ஆள் இருந்தார்.

தமிழில் மீள் என்பது தன்வினை. அவள் மீண்டாள். மீட்பது பிறவினை. அவளை மீட்டார்கள். இரண்டும் ஒரே வேர். ஆள் என்பதிலிருந்து ஆட்சி வருவதுபோல மீள் என்பதிலிருந்து மீட்சி வருகிறது. திரும்பி வருவதும் விடுவிக்கப்படுவதும் அதற்குள் சேர்ந்தே இருக்கின்றன. என் அக்கா வீணை கற்றுக்கொண்டாள். அங்கேயும் மீட்டுவது என்றுதான் சொல்வார்கள். விரல் தந்தியை இழுத்து விடுகிறது, தந்தி தன் இடத்துக்குப் பாய்கிறது. மீள்விசையால் நடக்கிற காரியம்தான். விரல் படாத தந்தி சும்மா கிடக்கிறது. லத்தீன் சொல்லில் பொருள் தானாகக் குதிக்கிறது. தமிழ்ச் சொல்லில் இன்னொரு கை இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மதங்கள் நெடுங்காலமாக யோசித்துவந்திருக்கின்றன.

வைணவத்தின் தென்கலை, வடகலை பேதத்தில் இந்தக் கேள்விதான் ஒரு முக்கிய முடிச்சு. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜீவனும் அப்படிப் பற்ற வேண்டும் என்பது வடகலை. பூனைக் குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய் பிடரியைக் கவ்வித் தூக்கிப் போகிறது என்பது தென்கலை. நான் சைவக் குடும்பம், இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் முகாமில் பார்த்தவளாகச் சொல்கிறேன். குரங்குக் குட்டியின் பிடியைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பிடிப்பதற்குத் தாய் வயிறு இருக்கிறது. வெறுங்காற்றைப் பிடிக்கச் சொல்லிக் குட்டியைச் சோதிக்கிற சம்பிரதாயம் இரண்டு கலையிலும் இல்லை.

உளவியல் படித்தவர்களும் இதையே வேறு வழியாகக் கண்டிருக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாக ஆளானார்கள். அவர்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று, பாட்டியோ சித்தியோ ஆசிரியரோ யாராவது ஒருவர் விடாமல் உடன் இருந்தது. அந்தத் தீவிலேயே இதைக் கண்ட பிறகும் திறன் என்ற பேச்சு எப்படி இவ்வளவு தனி ஆள் விவகாரமாயிற்று என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

பழைய நிலைக்குத் திரும்புவது என்ற இன்னொரு பாதிக்கு வருகிறேன். கம்பராமாயணத்தில் யுத்த காண்டத்தின் கடைசிப் பக்கமாக மீட்சிப் படலம் இருக்கிறது. சின்ன வயதில் அந்தத் தலைப்பைப் பார்த்து, சீதை சந்தோஷமாக வீட்டுக்கு வரும் பகுதி என்று நினைத்திருந்தேன். அயோத்திக்குத் திரும்புவதும் அதில் உண்டுதான். ஆனால் சீதை நெருப்பில் இறங்குவதும் அதே படலத்தில்தான் வருகிறது. இராவணன் செத்துவிட்டான், சிறை திறந்துவிட்டது. காட்டுக்குப் புறப்பட்ட நாளின் சீதை திரும்பி வரவில்லை. நெருப்பையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் அந்தப் பகுதிக்கு மீட்சி என்று பெயர். நிவாரணம் கொடுத்தாயிற்று, இனி ஏன் அழுகிறார்கள் என்று கேட்ட சில அதிகாரிகளிடம் இதைச் சொல்ல நினைத்திருக்கிறேன்.

பைபிளில் வரும் யோபுவின் கதையை எனக்கு எடுத்துச் சொன்னவர் என்னோடு வேலை பார்த்த வேதியியல் ஆசிரியை, கத்தோலிக்கர். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த உறவினர்களை இழந்தவர். யோபுவுக்கு எல்லாம் போய்க் கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைக்கிறது. ஏழாயிரம் ஆடு பதினாலாயிரம் ஆகிறது, மூவாயிரம் ஒட்டகம் ஆறாயிரம் ஆகிறது. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. முன்பு ஏழு மகன், மூன்று மகள். பிறகும் ஏழு, மூன்று. முதல் பத்துப் பேரும் கடவுளிடத்தில் உயிரோடு இருப்பதால் சேர்த்தால் இருபது என்று வியாக்கியானம் செய்கிறவர்கள் உண்டாம். அவர் அதை நம்பினார். ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை ஈடு என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது என்பார். துயரத்தின் நடுவில் யோபு தன் மீட்பரைப் பற்றிப் பேசுகிறார். அந்த இடத்தில் எபிரேயத்தில் இருக்கும் சொல் கோஏல். குடும்பம் இழந்த நிலத்தைப் பணம் கொடுத்துத் திருப்பி வாங்கித் தரக் கடமைப்பட்ட நெருங்கிய உறவினர் என்று அதற்குப் பொருள். இதை அவர் சொன்னபோது எனக்கு அப்பாவின் மடியும் மஞ்சள் துணிப்பையும் ஞாபகம் வந்தன.

சுனாமிக்குப் பிறகு, கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டிருந்த தாய்மார்களுக்குக் குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனை அரசு இலவசமாகச் செய்து தந்தது. முகாமில் என்னைக் கேள்வி கேட்டவளும் போய்ச் செய்துகொண்டாள். 2007-ல் பெண் குழந்தை. பார்க்கப் போயிருந்தேன். வீடு நிறைய ஆட்கள். செத்தவளே திரும்பி வந்துவிட்டாள், அதே மூக்கு, மூத்தவள் பெயரையே வை என்று மாமியாரிலிருந்து எல்லோரும் சொன்னார்கள். அவள் வைக்கவில்லை.

"இது வேற புள்ள டீச்சர். அவ பேரு அவளுக்கு. இதுக்கு இதோட பேரு."

வேதாந்தம் படித்தவர்களிடமும் இவ்வளவு தெளிவை நான் கேட்டதில்லை. திரும்பி வராததைத் திரும்பி வராதது என்றே வைத்துக்கொண்டு, வந்ததைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவள் எழுந்திருக்கக் காரணம் குழந்தைதானா என்று யாராவது கேட்டால், இல்லை என்பேன். அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரி தினமும் விடியற்காலையில் கூடையோடு வந்து வாசலில் நிற்பாளாம். மீன் ஏலத்துக்கு வா என்று கூப்பிட மாட்டாளாம். சும்மா நிற்பாளாம். நாற்பது, ஐம்பது நாள் அப்படி நின்ற பிறகு ஒருநாள் இவளும் கூடையை எடுத்தாள்.

எங்கள் ஊர் திருவாரூர்க் கோயிலில் உட்காரும்போதெல்லாம் தேவாரம் பாடிய சுந்தரரை நினைத்துக்கொள்வேன். திருவொற்றியூரில் மகிழமரத்தடியில், உன்னைப் பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தவர். திருவாரூர் நினைப்பு வந்ததும் சத்தியத்திலிருந்து பின்வாங்கி எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. வாக்கிலிருந்து பின்வாங்குவது என்ற அந்தப் பிறழ்சாட்சிப் பொருளில் அவரும் ரெசிலியன்ஸ் உடையவர்தான். பார்வையில்லாமல் நடந்தார். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது கண் அல்ல, ஊன்றுகோல். அந்தப் பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. சுவாமியைப் புதுக் கோயில் கட்டி இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் இடக்கண் வந்தது. திருவாரூரில்தான் வலக்கண். தவணை தவணையாக, இடையில் ஒரு கோலோடு, மைல் கணக்கில் நடந்து வந்த மீட்சி அது.

அந்த மிச்சக் கண்ணைக் கேட்டு அவர் பாடிய பதிகம் மீளா என்ற சொல்லில் தொடங்குகிறது. கண்ணை மீட்டுத் தா என்று கேட்க வந்தவர், முதல் சொல்லாக மீளாமையை வைக்கிறார். பார்வை திரும்பி வரவேண்டும்; அடிமைப்பட்ட உறவிலிருந்து திரும்பிப் போவதாக இல்லை. மறுபிறப்பிலிருந்து விடுபட்டவர்கள் திரும்பி வருவதில்லை என்பதையும் நம் சாத்திரங்கள் உயர்ந்த நிலையாகவே சொல்கின்றன. எதற்குத் திரும்புகிறோம், எதிலிருந்து திரும்ப மாட்டோம் என்று கேட்காமல் திரும்புவதை மட்டும் புண்ணியமாக்கிவிட முடியாது. சுந்தரர் கோபத்தோடு கேட்டார், உரிமையோடு கேட்டார். கேட்க எதிரில் ஒருவர் இருந்தார். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பத்து வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது புயல், வெள்ளம் என்று எது வந்தாலும் பயிற்சிக் கையேடுகள் வருகின்றன. மீள்திறன் என்ற சொல் அவற்றில் நன்றாக ஊன்றிவிட்டது. அதை முதலில் எழுதியது நான்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பலருக்கும் அது தோன்றியிருக்கும். ஆனால் நான் எழுதிய கையேட்டின் ஒரு பிரதி என் அலமாரியில் இருக்கிறது. 41 இடங்களிலும் பென்சிலால் அடித்து மீட்சி என்று எழுதியிருக்கிறேன். 'உங்களுக்குள் இருக்கிறது' என்று வரும் இடங்களில் 'உங்களோடு இருக்கிறோம்' என்று மாற்றியிருக்கிறேன். மறுபதிப்புப் போடுகிறவர்கள் யாரானாலும் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். அவசரமாக அச்சுக்குப் போகிறது, வேறெதையும் மாற்ற நேரமில்லை என்றால், அந்தத் திறன் என்ற மூன்றெழுத்தை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.